21 நாள், 18,000 ரூபாய், கொஞ்சம் தண்ணீர்

மாடிப்படி ஓரம் நின்று யாராவது "இலவச உடல் பரிசோதனை" என்று துண்டுச் சீட்டு நீட்டினால், இதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

எனக்கு 46 வயது. சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் அந்தச் சீட்டு கைக்கு வந்தது. பயந்தவனிடம் விற்பது சுலபம். மாலை ஆறரை மணி. வரும் வழியில் ரெண்டு பஜ்ஜி, ஒரு டீ ஆகியிருந்தது. பையில் போன், இடுப்பில் சாவிக்கொத்து. செருப்பை மட்டும் கழற்றச் சொல்லித் தராசில் ஏற்றினார்கள். 84.6 கிலோ. "உங்க பாடி ஏஜ் 61 சார்" என்று அந்தப் பெண் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். 21 நாள் எடைக் குறைப்புத் திட்டத்துக்கு அன்றைக்கே பணம் கட்டிவிட்டேன்.

தினமும் அதிர்கிற மேடையில் பத்து நிமிடம் நிற்க வேண்டும், ஒரு மணி நேரம் நடந்ததற்குச் சமமாம். அப்புறம் வயிற்றில் சூடு பெல்ட். இரவில் சோற்றுக்குப் பதில் ஷேக், பகலிலும் அரிசி கூடாது.

கடைசி நாள் மட்டும், "காலைல ஆறு மணிக்கு வெறும் வயித்துல வாங்க" என்றார்கள். போனையும் சாவியையும் அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். 79.9. கைதட்டல், போட்டோ எல்லாம் நடந்தது.

பழையபடி சாப்பிடத் தொடங்கிப் பத்து நாளில் பழைய பேப்பர் போடப் போன இடத்தில், சும்மா அங்கிருந்த தராசில் ஏறினேன். 83. தப்பாக இருக்கும் என்று இறங்கி மறுபடி ஏறினேன். "முத்திரை போட்ட தராசு சார்" என்றார் கடைக்காரர், கொஞ்சம் கோபமாகவே.

நடந்தது இதுதான். சோற்றை நிறுத்தினால் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த கிளைகோஜன் என்கிற மாவுச்சத்து குறையும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் கூடவே போய்விடும். பெல்ட்டில் போனது வியர்வை. மிச்சத்தைப் பஜ்ஜியும் சாவிக்கொத்தும் பார்த்துக்கொண்டன. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. 21 நாளில் நிஜமாகவே 4.7 கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் தினமும் 1,700 கலோரிக்கு மேல் துண்டு விழ வேண்டும். மேடையில் நின்று போன் பார்த்தால் விழாது.

பாடி ஏஜ் விஷயம் இன்னும் வேடிக்கை. அதே மாதிரித் தராசு ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். பாதம் வழியாக லேசான மின்சாரம் அனுப்பி, நாம் தட்டுகிற வயது, உயரத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறது. வயதை 36 என்று தட்டினேன். ஒரே நிமிடத்தில் இளைஞனாகிவிட்டேன்.

பணத்தைக் கேட்டதற்கு, அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த 'நோ ரீஃபண்ட்' வரியைக் காட்டினார்கள். பில் தரவில்லை, பணம் போனது யாரோ ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்று பிறகுதான் தெரிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். காசு இன்னும் வரவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சிரிக்கவில்லை, நல்ல மனுஷர். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, ரெண்டு நாள் தசைக்கு வேலை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான் என்றார். எங்கள் ஊர் மந்தையில் இளவட்டக்கல் கிடக்கிறது. எடுத்த எடுப்பில் அதைத் தோளுக்கு ஏற்ற முடியாது, முதலில் முழங்கால் வரை, பிறகு நெஞ்சு வரை என்று மாதக்கணக்கில் பழக வேண்டும் என்பார் தாத்தா. எனக்கு இப்போதைக்கு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காருவது. போன மாதம் ஆறுதான் முடிந்தது.

அந்த மாடியில் இப்போது போர்டு மாறியிருக்கிறது. ஆல்கலைன் தண்ணீராம். வாசலில் அதே தராசு.