கோரைக்கு ‘ஒரு வருஷம் கேரண்டி’ என்று வருகிறவர்களிடம் உஷார்

வீட்டுத் தோட்டத்தில் கோரை மண்டிக் கிடப்பவர்கள் கவனத்துக்கு. ‘ஒரே ஸ்ப்ரே, ஒரு வருஷம் கேரண்டி’ என்று நோட்டீஸ் கொடுத்து திருச்சி புறநகர்ப் பக்கம் சிலர் வேலை பிடிக்கிறார்கள். அப்படி வந்த ஒருவரிடம் எங்கள் வீட்டுப் பணம் 14,000 ரூபாய் போயிற்று. கோரை போகவில்லை. கிணற்றடி ஓரத்தில் மட்டும் இருந்தது இப்போது வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

பேச்சில் குறை சொல்லவே முடியாது. “அக்கா, இனிமே நீங்க களைக்கொத்தையே தொட வேண்டாம்” என்றார். என்ன மருந்து தம்பி என்று கேட்டால், “மூலிகைக்கா, எங்க சொந்தத் தயாரிப்பு.” வந்ததோ லேபிள் இல்லாத வெள்ளைக் கேன். கையுறை கிடையாது, முகத்தில் துணிகூடக் கிடையாது. காற்று வீசுகிற மத்தியான வேளையில் அடித்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரத்துக்குள் எல்லாம் பழுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே மீதிப் பணத்தையும் ஜிபேயில் வாங்கிவிட்டார். சூட்சுமமே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கோரைக்கு உயிர் இலையில் இல்லை, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது என்று மாலை கோத்த மாதிரி போகும். இலையில் படுகிற மருந்து முளைவிட்ட கிழங்குகளுக்குத்தான் ஓரளவு இறங்கும். தூங்கிக்கொண்டிருக்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. நல்ல மழை பெய்தால் அது எழுந்துவிடும். அதற்குள் வசூல் முடிந்திருக்கும்.

மறுபடி முளைத்ததும் கூப்பிட்டோம். வந்தார், அதுவரை மரியாதைதான். “பழைய வேர் நிக்குதுக்கா, பவர் வீடர் ஓட்டிட்டா தீர்ந்துச்சு” என்று அதற்குத் தனிக்கட்டணம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. கோத்த சரத்தை மெஷின் துண்டு துண்டாக அறுத்துவிட்டது. சரமாக இருக்கும்வரை ஒரு கிழங்கு முளைத்தால் மற்றவை அடங்கிக் கிடக்கும். அறுந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிளம்பும். ஓரமாக இருந்ததைத் தோட்டம் முழுக்க விதைத்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. பள்ளத்தை நிரப்ப அவரே இறக்கிய ஒரு யூனிட் செம்மண்ணைச் சலித்துப் பார்த்தால் அதிலும் கறுப்புக் கறுப்பாகக் கிழங்கு. நாட்டுமருந்துக் கடையில் நலங்குமாவுக்குக் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு, எங்களுக்கு லோடு கணக்கில்!

அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

கறிவேப்பிலையில் புதுத் துளிர் ஊசி ஊசியாக வந்தது, தக்காளி இலை முறுக்கிக்கொண்டது. ஒரு கிளையை உரக்கடையில் காட்டினேன். “மூலிகையாவது ஒண்ணாவது, கிளைபோசேட்டோட 2,4-டி கலந்து அடிச்சிருப்பாங்க” என்றார் கடைக்காரர். இரண்டுமே ரசாயனக் களைக்கொல்லிகள். கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதனால் எவர் வந்தாலும் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். சீல் உடைக்காத டப்பா, அதில் மருந்தின் பெயர், நச்சுத்தன்மையைக் காட்டும் நிற முக்கோணம், பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள். மூலிகை என்று சொல்லி லேபிளைக் காட்ட மறுத்தால் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடலாம். மீதிப் பணத்தை ஒரு மழை பார்த்த பிறகு தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

இன்னொன்று: கோரை புல்லே இல்லை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், அருகம்புல்லில் அது இருக்காது. புல்லை மட்டும் கொல்லும் க்விசாலோஃபாப் போன்ற மருந்துகள் இதைத் தொடாது. வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் ‘புல்லு’ என்கிற ஆளிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

இப்போது நாங்களே செய்துகொண்டிருக்கிறோம். தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி, முள்கொத்தால் சரம் அறாமல் தூக்கி, மண்ணைச் சலித்து, கிழங்கை மொட்டைமாடி வெயிலில் சுருங்கக் காயவைக்கிறோம். மட்கு உரக் குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மறுபடி முளைத்தால் நாலு இலை விடுவதற்குள் பிடுங்குவது; இலையே தங்கவிடாவிட்டால் கிழங்கு தன் சேமிப்பைத் தின்று இளைக்கும். கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாம் என்பார்கள். மெல்லிய ஷீட்டைக் கோரை முனை ஊசியாகக் குத்திக்கொண்டு மேலே வருவதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. நிழல் என்றால்தான் அதற்கு ஆகாது. சர்க்கரைவள்ளிக் கொடி அடர்ந்து மூடிய பாத்தியில் இப்போது கோரை நோஞ்சானாகத்தான் நிற்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். லேபிள் இல்லாத மருந்து பற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் எழுதிக் கொடுத்தாயிற்று. ரசீது தரவில்லை, கேரண்டி பற்றி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவும் ஜிபே விவரமும்தான் கையில் இருக்கின்றன. இதே ஆட்களிடம் பணம் கொடுத்தவர்கள் சாட்டை அழித்துவிடாதீர்கள், கேன் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.