மார்புப் பட்டை இதயத்துடிப்புமானி: ஐந்து மாதக் கூடைப்பந்துப் பயன்பாட்டுக்குப் பின்

பள்ளி அணியில் ஆடும் என் 14 வயது மகன், பயிற்சியில் சளைக்காமல் ஓடுகிறவன், போட்டி ஆட்டங்களின் கடைசிக் கால்பகுதியில் மட்டும் தளர்ந்துபோவது ஏன் என்று அறியவே மார்பில் கட்டும் இதயத்துடிப்புமானி ஒன்றை வாங்கினேன். கைக்கடிகாரம் உதவாது. பிறருக்குக் காயம் உண்டாக்கக்கூடிய பொருள்களுடன் நடுவர்கள் களமிறங்க விடமாட்டார்கள் என்பதோடு, ஒளியைக் கொண்டு துடிப்பை அளக்கும் அக்கருவி பந்து தட்டும் கையின் ஓயாத அசைவில் எளிதில் தடுமாறிவிடும். இதயத்தின் மின்துடிப்பையே பதிவு செய்யும் பட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை; அணியுமுன் அதன் உட்புறத்தைச் சற்று ஈரப்படுத்தினால் போதும்.

முதல் ஆட்டத்திலேயே விடை கிடைத்தது. பயிற்சியில் நிமிடத்துக்கு 155ஐ ஒட்டியிருந்த துடிப்பு, போட்டியில் பெரும்பாலும் 185க்கு மேலேயே நின்றது; ஃப்ரீ த்ரோவுக்காக (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) ஆட்டம் நிற்கும்போதுகூடப் போதிய அளவு இறங்கவில்லை. 24 நொடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும், எறிந்தவுடன் 28 மீட்டர் களத்தின் மறுமுனைக்குத் திரும்பி ஓட வேண்டும் என்னும் ஆட்டத்தில் அது வியப்பில்லை. அவனுடைய பயிற்சிதான் போட்டியின் வேகத்துக்கு நெருங்கியதாகவே இல்லை.

ஆனால் இக்கருவி ஏமாற்றவும் செய்யும். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் நடந்த போட்டியொன்றில் இரண்டாம் ஆட்டத்தின் சராசரித் துடிப்பு குறைந்திருக்கக் கண்டு, உடல் தேறிவிட்டதென்று மகிழ்ந்தேன். கால்கள் ஓய்ந்ததால் அவன் ஓடவே இல்லை என்று பயிற்சியாளர் விளக்கிய பிறகே புரிந்தது. தாவல், தரையிறங்கல், திடீர் நிறுத்தம் ஆகியவை முழங்காலில் ஏற்றும் சுமை எதுவும் இதில் பதிவாகாது. அந்த வாரம் அவன் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றபோது செயலியின் வரைபடம் மிக அழகாகவே இருந்தது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏ 2016இல் வெளியிட்ட இளையோர் வழிகாட்டுதல், 12 முதல் 14 வயதினருக்கு வாரத்துக்கே 2 ஆட்டங்களைத்தான் பரிந்துரைக்கிறது.

வாங்குவோர், பதிவுகளைத் தன்னுள்ளேயே சேமித்துக்கொள்ளும் உள்நினைவகம் உள்ளதைத் தேர்ந்தெடுக்கவும். கைப்பேசி களத்தின் ஓரத்தில் இருந்தால் புளூடூத் இணைப்பு அடிக்கடி அறுந்துவிடுகிறது. எங்கள் பட்டையின் எலாஸ்டிக் நான்காம் மாதமே தளர்ந்தது. வியர்வை உப்பை ஒவ்வொரு முறையும் அலசாமல் விட்டதில் எங்கள் பங்கும் உண்டு என்றாலும், இந்த விலைக்கு அது இன்னும் சில மாதங்களாவது தாக்குப்பிடித்திருக்க வேண்டும்.