நிபோங் திபால் ஃபைபர் கடை: ரெசின் வாங்கலாம், பலகை வேண்டாம்

பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் கிரியான் ஆற்றுப் பக்கம் இறங்கும் பழைய கடைவரிசையில், வலைக் கயிறும் மோட்டார் எண்ணெயும் விற்கிற சீனர் கடை ஒன்று உண்டு. ஃபைபர் சாமான், அதாவது கண்ணாடி இழையும் அதை ஊற வைத்து இறுக்கும் ரெசின் திரவமும், அங்கேதான். தோட்டத்து ஆட்கள் தண்ணீர்த் தொட்டி ஒட்ட வாங்குவார்கள், குவாலா குராவ் பக்கத்து மீனவர்கள் சம்பான் படகுக்கு வாங்குவார்கள். எனக்குத் தேவைப்பட்டது 16 அடி பழைய மோட்டார் படகுக்கு. எழுபதுகளில் செய்ததாகச் சொல்லி விற்றார்கள். பெயர்த் தகடு எப்போதோ கழன்றுபோய்விட்டது. செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டுக் கொட்டகையில் வேறென்ன வேலை?

அந்தக் காலத்துப் படகுக்கு ஃபைபரைக் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டிருக்கிறார்கள். படகின் ஓட்டில் குறையில்லை, கெட்டது உள்ளே இருந்த பலகைதான். மோட்டார் மாட்டும் பின்பலகை, இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் வைத்துச் செய்தது. போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘தொப்’ என்று கேட்கும். உள்பக்கத் தோலை வெட்டி எடுத்ததும் ஈரச் சக்கையாகக் கொட்டியது.

கடைக்கு வருவோம். தவுக்கே, அதாவது கடை முதலாளி, வயதானவர், எண்ணிக்கை எல்லாம் தமிழில் சொல்வார். ஆனால் ஃபைபர் விஷயம் முழுக்க அங்கே வேலை பார்க்கும் நம்ம பிள்ளை கையில். “ரெசின் எத்தனை கிலோ?” என்று அவள் கேட்கவில்லை. “அங்கிள், எவ்வளவு அகலம், எத்தனை அடுக்கு?” என்றாள். மேட் என்பது கண்ணாடி இழை விரிப்பு. சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் என்றால், மேட்டின் எடையைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். இதை மனக்கணக்காகப் போட்டு, நான் கேட்டதைவிடக் குறைவாகவே அளந்து தந்தாள். ரெசின் வெயிலில் கெட்டுப்போகிற சாமான், தகரக் கூரைக்குக் கீழே வாங்கி அடுக்குவது வீண். பீப்பாய் வந்த தேதியை மார்க்கரால் அதன்மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை ஹார்ட்வேர் கடையில் இதைப் பார்த்திருக்கிறீர்கள்?

அடுத்த கேள்வியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. “இது கடைசிப் பூச்சா, நடுப் பூச்சா?” பாலியெஸ்டர் ரெசின் காற்றுப் படுகிற பக்கத்தில் பிசுபிசுப்பாகவே நிற்கும். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்தால் மெழுகு மேலே மிதந்து காற்றை மறைக்கும், மேல்பக்கமும் இறுகும். அதையே நடுப் பூச்சில் கலந்தால் அடுத்த அடுக்கு ஒட்டாது. இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு விற்கிற கடைகள் இருக்கின்றன.

ரெசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர் அளவிலும் அவள் கண்டிப்புதான். ஒரு கிலோ ரெசினுக்கு 10 கிராமிலிருந்து 20 கிராம் வரை. நம்ம ஊர் வெயிலுக்கு 10-ஐ ஒட்டியே போக வேண்டும். இன்னும் குறைத்தால் நிதானமாக வேலை செய்யலாமே என்று தோன்றும். அது நடக்காது, ரெசின் முழுசாக இறுகாமலே நின்றுவிடும். காலையிலேயே ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, வாயகன்ற தட்டில் ஊற்றிக்கொள்வதுதான் வழி. ஆழமான டின்னில் வைத்தால் சூடேறிப் புகையும்.

இவ்வளவு சொல்லிக் கொடுக்கிற கடை, அந்த ஹார்ட்னரை லேபல் இல்லாத பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றித் தருகிறது. பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீட்டுக்கு அதை எப்படிக் கொண்டு போவது? நான் அங்கேயே மார்க்கர் வாங்கி ‘விஷம்’ என்று நாலு பக்கமும் எழுதினேன். தவுக்கே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேட் சுருள் பின்கதவு ஓரம் நிற்கிறது. மழைக்காலத்தில் சாரல் அடிக்கிற இடம். ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் சரியாக ஊறாது, வெள்ளை வெள்ளையாகத் தெரியும். வெளிச்சுற்றைத் தள்ளி உள்ளே இருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள்.

பலகை மட்டும் அங்கே வாங்காதீர்கள். ‘மரின் பிளை’ என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் படகுப் பலகைக்கான பிரிட்டிஷ் தர முத்திரை பி.எஸ். 1088-ஐத் தேடினேன், இல்லை. ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து மைலோ டின்னில் போட்டு, விறகடுப்பில் நாள் முழுக்கக் கொதிக்க வைத்தேன். (வீட்டுச் சட்டியைத் தர என் மனைவி மறுத்துவிட்டாள், நியாயம்தான்.) ஒட்டு விட்டுப்போய் ஏடு ஏடாகப் பிரிந்தது. 40 குதிரைசக்தி மோட்டாரைத் தாங்க வேண்டிய இடத்தில் அதை எப்படி வைப்பது? பட்டர்வொர்த்தில் முத்திரை உள்ள 18 மில்லி பலகை இரண்டு வாங்கி ஒட்டிக்கொண்டேன்.

எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின் அங்கே கிடையாது. கேட்டதும் “இல்லை அங்கிள்” என்று நேராகச் சொல்லிவிட்டாள், வேறெதையும் தலையில் கட்டப் பார்க்கவில்லை. பழைய ஃபைபரில் எபாக்ஸிதான் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதா மேட்டோடு அது ஒத்துப்போகாது, மேட்டின் இழைகளைக் கட்டியிருக்கிற பசை எபாக்ஸியில் கரையாது. அதற்கு நெய்த துணிதான் வேண்டும். எபாக்ஸி பூசிய இடத்தில் பிறகு வெளிப்பக்க நிறப்பூச்சான ஜெல்கோட் போட்டாலும் சரியாகக் காயாமல் சிக்கல் கொடுக்கும். ஜெல்கோட் போட நினைத்திருந்ததால் நான் பாலியெஸ்டரோடு நின்றுகொண்டேன்.

ஜெல்கோட் நிறத்தில் வெள்ளை, நீலம், கறுப்பு அவ்வளவுதான். பழைய படகின் மங்கிய பால்நிறத்துக்கு அங்கே ஒன்றும் பொருந்தாது. முகமூடியும் தூசிக்கானது மட்டுமே இருக்கிறது. ரெசின் வாடைக்குக் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேறு இடத்தில் வாங்குங்கள், அது இல்லாமல் கொட்டகைக்குள் நுழையாதீர்கள்.

விலை பட்டர்வொர்த்தைவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஒரு கிலோ, அரை கிலோ என்று பிரித்துத் தருகிறார்கள், பெரிய கடைகளில் டின்னோடுதான் வாங்க வேண்டும். காலையில் போகாதீர்கள், மீனவர்கள் கடன் புத்தகத்தோடு நிற்பார்கள், அவளுக்கு நிமிர்ந்து பார்க்கவே நேரம் இருக்காது. மூன்று மணிக்கு மேல், ஒட்ட வேண்டிய இடத்தின் நீள அகலத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.