கண்ணாடி முகப்பைவிடப் பின்பக்க நடைவழிதான் முக்கியம்: எங்கள் ஆராய்ச்சிக் கட்டடத்தில் வேலை பார்த்த அனுபவம்

பாளையங்கோட்டைக்கு வெளியே இருக்கும் எங்கள் ஆராய்ச்சிக் கட்டடத்தில், அது திறந்ததிலிருந்து வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முகப்புக் கண்ணாடியைப் படம் எடுக்கிறார்கள். நான் கூட்டிப்போய்க் காட்டுவது லேப்களுக்குப் பின்னால் ஓடும் சர்வீஸ் நடைவழியை. கேஸ் லைன், தண்ணீர்க் குழாய், கேபிள், டக்ட் எல்லாம் அதற்குள்தான். பிளம்பர் வந்தாலும் பரிசோதனை நிற்காது. புதுக் கருவிக்காகச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் லூயி கான் வடிவமைத்த சால்க் ஆய்வகத்தில் லேப் தளங்களுக்கு மேலே, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில், குழாய்களுக்கென்றே தனித் தளம் உண்டு. 1960களில் கட்டிய அந்தக் கட்டடத்தில் இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது.

வெயில் விஷயத்தில்தான் வருத்தம். வடக்குச் சன்னலில் நேர்வெயில் விழாது என்று நம்பி அங்கே சன்ஷேடு வைக்கவில்லை. குளிர்நாடுகளுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. நெல்லை இருப்பது 8.7 பாகை அட்சரேகையில். சித்திரை பிறக்கும்போது உச்சியைத் தாண்டி வடக்கே போகும் சூரியன் ஆவணி நடுவில்தான் தெற்கே திரும்புகிறது. அத்தனை மாதமும் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து மேசைக்கே வருகிறது. வெளிச்சம் பட்டால் கெடும் ரசாயனங்களைத் தெற்கு அறைக்கு மாற்றிவிட்டோம்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடி மேல்காற்றை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் ஃப்யூம் ஹுட் (லேப்பில் ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும், முன்பக்கம் திறந்த பெட்டி) புகைபோக்கியைக் குட்டையாக மொட்டைமாடியின் மேற்கு ஓரத்திலும், ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கும் வாயைக் கிழக்கிலும் வைத்தார்கள். வெளியே தள்ளிய ஆவி உள்ளேயே திரும்பி வந்தது. இடம் மாற்றினாலும் தீராது, ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று எதிர்த்திசையில் வீசும். பலமுறை எழுதிக் கொடுத்த பிறகு புகைபோக்கியை நன்றாக உயர்த்தினார்கள், இப்போது அந்த ஆவி நாற்றம் இல்லை. ஃப்யூம் ஹுட் வாயில் காற்று நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகத்தில்தான் உள்ளே போகும். வெளிக்கதவு படாரென்று திறந்தால் அந்த ஓட்டம் கலைந்துவிடும். மேற்கு வாசலுக்கு இரட்டைக் கதவு இன்னும் போடவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. சுவிட்ச் ரூமும் ஜெனரேட்டரும் உயர்ந்த மேடையில் இருந்ததால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்கள் நிற்காமல் ஓடின. வருடக்கணக்காகச் சேர்த்த மாதிரிகள் தப்பின. அந்த மேடையை வற்புறுத்திக் கட்டவைத்தவர் தாமிரபரணி வெள்ளத்தை முன்பே பார்த்திருந்த உள்ளூர் மேஸ்திரி. இப்போது இரண்டாவது பிளாக்குக்கு வரைபடம் போடுகிறார்கள். கையெழுத்தாகும் முன்னே அவரையும் ஒருதடவை கூப்பிட்டுக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.