மெசி 35: ரிங் மட்டும் மாற்றுவதா, லைனர் போடுவதா, வேறு எஞ்சினா?

மாமா விட்டுப்போன மெசி பெர்குசன் 35 டிராக்டர், கொழும்பு மட்டக்குளியில் எங்கள் முற்றத்தில் இரண்டு வருடமாக நின்றது. ஸ்டார்ட் ஆகும். ஆனால் எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதரில் கை வைத்தால் சூடாக ஊதும். நீலப் புகை பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிக்கெல்லாம் மணம் ஏற்றும். எஞ்சினைக் கவனித்தே ஆகவேண்டும் என்றானதும் மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள்: பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கை மட்டும் மாற்றுவது, பிஸ்டன் ஓடும் குழாயான லைனரையும் மாற்றுவது, வேறு எஞ்சினே போடுவது.

எனக்குப் பிடிக்காததை முதலில் முடித்துவிடுகிறேன்: பழைய 135 எஞ்சின் ஒன்றை வாங்கி இறக்குவது. பொருந்தாது என்றில்லை. 1964-இல் 35-க்குப் பதிலாக வந்த 135-இலும் இருப்பது அதே பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் குடும்பம்தான். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்தால் கிடைக்கவும் கூடும். ஆனால் பெயின்ட் அடித்து வைத்த எஞ்சினுக்குள் என்ன தேய்ந்திருக்கிறது என்று கழற்றாமல் எப்படித் தெரியும்? வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அலைய வேண்டும். உங்களுடையது ஆரம்பகால 35, ஸ்டாண்டர்ட் கம்பனியின் நான்கு சிலிண்டர் டீசல் என்றால் கதை வேறு. குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதில் அது பேர்போனது. நம் வெக்கையில் அவ்வளவு தெரியாது, அது உண்மைதான்.

அப்புறம் மற்ற இரண்டும். "தம்பி, ரிங் போட்டால் ரெண்டு போகம் ஓடும்" என்றார் வயதான மெக்கானிக் ஒருவர். செலவும் மிகக் குறைவு. எனக்கும் ஆசை வந்தது. ஆனால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றியதும் லைனரின் மேல்விளிம்புக்குக் கீழே நகம் தட்டியது. மேல் ரிங் திரும்பும் இடம் அது, தேய்மானம் அங்கேதான் அதிகம். அந்த விளிம்பை அப்படியே விட்டுப் புது ரிங் போட்டால், ரிங் அதில் இடித்து உடையலாம்.

எவ்வளவு தேய்மானம் என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. புது ரிங் ஒன்றை லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்தேன். ரிங் எட்டாத அடிப்பகுதியில் 16 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு. விளிம்புக்குக் கீழே 41 தவ். வித்தியாசம் 25. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் 8 தவ் கூடியிருக்கிறது. மூன்று நான்கு தவ் என்றால் லைனரின் உட்சுவரைக் கல்லால் லேசாக உரசி, அதாவது ஹோன் அடித்து, ரிங் போட்டு, கண்காட்சிக்கு மட்டும் ஓட்டும் வண்டி என்று விட்டிருப்பேன். எட்டுக்கு அது காசைக் கரியாக்குவது.

ஆகவே லைனர். இந்த எஞ்சினில் அது தண்ணீர் படாத வகை. பிளாக்குக்குள் அழுத்தி ஏற்றிய மெல்லிய குழாய். பழையதை இழுத்தெடுத்ததும் பிளாக்கின் உட்சுவரைத் துப்புரவாகத் துடைக்க வேண்டும். அழுக்கு இருந்தால் லைனர் அங்கே ஒட்டி உட்காராது, சூடும் கடத்தாது. லைனரிலும் இரண்டு வகை உண்டு: நேரே பிஸ்டன் இறக்கக்கூடிய, போர் முடித்த (உள்விட்டத்தைச் சரியான அளவுக்குக் கடைந்த) லைனர் ஒன்று, ஏற்றிய பிறகு போர் அடிக்க வேண்டியது மற்றது. நான் கேட்காமல் இரண்டாவதை வாங்கிவிட்டேன். லேத் கூலி தனியாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கில்தான் அதிர்ஷ்டம். அதை வெளியே எடுப்பதென்றால் டிராக்டரையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். தனியாக ஷாசி கிடையாது, எஞ்சினும் கியர்பாக்ஸும்தான் முதுகெலும்பு. ஓயில் பிரஷர் சூட்டிலும் நின்றது, கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னலில் கீறல் இல்லை, மைக்ரோமீட்டரும் ஒத்துக்கொண்டது. பிஸ்டன் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங் மட்டும் புதிது போட்டோம். கிராங்க் தேய்ந்திருந்தால் எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது 135 எஞ்சினைப் பற்றி நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

ஓட்டிப் பழக்குவதில் இன்னொரு சிக்கல். புது லைனரை வெறும் ஐடிலில் விட்டால் கண்ணாடி மாதிரி வழவழத்து, ரிங் சரியாக உட்காராது. சுமை வேண்டும். மட்டக்குளியில் வயலுக்கு எங்கே போவது? வீடு கட்டிக்கொண்டிருந்த சொந்தக்காரருக்குப் பெட்டி பெட்டியாக மணல் இழுத்தோம். இப்போது பிரீதரில் கை வைத்தால் மூச்சு மாதிரி ஏதோ படுகிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் இன்னும் துணியை உள்ளேதான் காயப்போடுகிறார்.