17 இன்ச் பழைய மானிட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் ரீடர் வியூ: உசிலம்பட்டி சித்தப்பா வீட்டில் மூன்று மாதம் பார்த்த பிறகு

ரீடர் வியூ என்பது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் விளம்பரமெல்லாம் நீக்கிச் செய்தியை மட்டும் காட்டும் வசதி. இதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டியில் சித்தப்பா வீட்டில் 2008-ல் வாங்கிய 17 இன்ச் சதுர மானிட்டர் இருக்கிறது, கூடவே விண்டோஸ் 7 போட்ட ஒரு பழைய சிபியு. சித்தப்பா கண்டக்டர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், காலையில் டீ குடித்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்தியெல்லாம் படித்து முடித்தால்தான் அவருக்கு அந்த நாள் தொடங்கும். பொங்கலுக்குப் போயிருந்தபோது பார்க்கிறேன், ஒரு கையில் மவுஸ், இன்னொரு கையில் பூதக்கண்ணாடி. "என்னத்தா இது, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார். கடையில் கேட்டதற்கு ஸ்கிரீன் போய்விட்டது, புதுசுதான் வாங்கணும் என்று சொல்லிவிட்டார்களாம். எந்தக் கடை என்பதை விடுங்கள். ஸ்கிரீன் போகவே இல்லை.

நான் மதுரை சிம்மக்கல் பக்கம் டிடிபி வேலை பார்க்கிறேன், நாள் முழுக்கத் தமிழ் எழுத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் அவர் திரையில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தேன். "மணமகள்" என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே செய்தியில் அதே சொல் சின்ன எழுத்தில் வரும்போது, அது மூன்று சுழி ணவா, இரண்டு சுழி னவா என்று எனக்கே தெரியவில்லை. சுழிகளுக்கு இடையில் ஒரு பிக்சல்கூட (திரையில் படம் உருவாகும் மிகச் சிறிய கட்டம்) இல்லை, மொத்தமாக ஒரு கறுப்புப் பொட்டு. "எண்ணெய்" என்பதில் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஆங்கில எழுத்துக்கு இந்த அளவு போதும், அங்கே கோடுகள் குறைவு. தமிழில் சுழியும் கொம்பும் புள்ளியும் அதே உயரத்துக்குள் அடங்க வேண்டும். கைப்பேசியில் ஒரு இன்ச்சுக்கு 400 பிக்சல்கூட இருக்கிறது, இந்த மானிட்டரில் கிட்டத்தட்ட 96. இப்போது பக்கம் வடிவமைக்கிறவர்கள் புதுத் திரையில் பார்த்து அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள், உசிலம்பட்டியில் இது எப்படித் தெரியும் என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் அதுதான்.

சரி, ரீடர் வியூவுக்குப் போவதற்கு முன்னால் மானிட்டரையே கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருந்தது, இதைச் செய்யாமல் பிரவுசரில் என்ன மாற்றினாலும் பாதி பலன்தான். இந்த 17 இன்ச் சதுர மானிட்டருக்கு உரிய ரெசல்யூஷன், அதாவது அகலத்திலும் உயரத்திலும் உள்ள பிக்சல் கணக்கு, 1280-க்கு 1024. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று யாரோ அதை 1024-க்கு 768 என்று மாற்றி வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் மானிட்டர் படத்தை இழுத்து நிரப்பும், அகலத்தில் 1.25 மடங்கு, உயரத்தில் 1.33 மடங்கு, அதனால் எழுத்து நெட்டையாகவும் ஓரமெல்லாம் பஞ்சு மாதிரியும் ஆகிவிடும். பழையபடி 1280-க்கு மாற்றினேன். எழுத்து சிறிதாகிவிட்டது என்று சித்தப்பா முகம் சுளித்தார், கொஞ்சம் பொறுங்க சித்தப்பா என்றேன். அப்புறம் மானிட்டரின் கீழே இருக்கும் ஆட்டோ பட்டன். சிபியுவில் இருந்து மானிட்டருக்கு வரும் விஜிஏ கேபிளில் வருவது அனலாக் சிக்னல், அது ஒரு மயிரிழை விலகினாலும் நெட்டுக்குத்தாக மங்கல் பட்டைகள் தெரியும். பட்டனை அழுத்தியதும் படம் இடப்பக்கம் நகர்ந்து, ஒரு நொடி நடுங்கி, நின்றது. பட்டைகள் போய்விட்டன. சித்தி சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து "இத்தனை வருசமா அந்தப் பட்டன் அங்கயா இருந்துச்சு" என்றார். விண்டோஸில் கிளியர்டைப் என்று தேடினால் ஒரு சின்ன வசதி திறக்கும், எழுத்து மாதிரிகளை வரிசையாகக் காட்டி எது தெளிவு என்று கேட்கும். அதைச் சித்தப்பாவையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன், அவர் கண்ணுக்குத்தானே.

இன்னொன்று, மானிட்டர் உயரமான பீரோ பலகை மேல் இருந்தது. அந்தக் காலத்து மலிவு விலை திரைகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் இருண்டு போகும். கீழே மேசைக்கு இறக்கியதுமே பாதி வெளிச்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இப்போது ரீடர் வியூ. விண்டோஸ் 7-க்கு க்ரோம் 109-ஓடு நின்றுவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவு தரும் பதிப்பு) வரை கிடைக்கிறது, அதைப் போட்டேன். (பழைய விண்டோஸ் என்பதால் பேங்க் வேலை எதையும் அதில் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.) செய்திப் பக்கத்தைத் திறந்ததும் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஒரு தாள் மாதிரி ஐகான் வரும், அதைச் சொடுக்கலாம், இல்லையென்றால் எஃப்9. விளம்பரம், ஓரத்தில் ஓடும் பெட்டிகள், மேலே ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும் தலைப்பட்டை எல்லாம் போய், செய்தியும் படமும் மட்டும் நிற்கும். எழுத்தின் அளவு, வரியின் அகலம், வரிகளுக்கு நடுவே இடைவெளி, பின்னணி நிறம் எல்லாவற்றையும் நம் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை வைத்தால் அடுத்த பக்கத்துக்கும் அப்படியே இருக்கும், சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு இதுதான் பெரிய வசதி.

வெறும் ஜூம் போதாதா என்று கேட்பீர்கள். 1280 பிக்சல் அகலத்தில் 150 சதவீதம் ஜூம் வைத்தால் பக்கத்துக்கு மிச்சம் இருப்பது 853 பிக்சல் அகலம்தான். உடனே தளம் கைப்பேசிக்கான வடிவத்துக்கு மாறும், தலைப்பட்டையும் கீழே மிதக்கும் விளம்பரமும் சேர்ந்து பெரிதாகும், நடுவில் நாலு வரி செய்தி. ரீடர் வியூவில் அந்தத் தொல்லை இல்லை. பின்னணிக்கு நான் செபியா வைத்தேன், எல்இடி வருவதற்கு முந்தைய மானிட்டர்களில் திரைக்குப் பின்னால் மெல்லிய குழல் விளக்கு, அது வருடம் ஆக ஆக மங்கும், அந்த வெளிச்சத்தில் இள மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து கண்ணுக்கு இதமாக இருக்கிறது. கறுப்புப் பின்னணியைச் சித்தப்பா ஒரே நாளில் மாற்றச் சொல்லிவிட்டார்.

ரீடர் வியூ வராத பக்கங்களுக்கு ஃபான்ட் செட்டிங்ஸ். செட்டிங்ஸில் ஃபான்ட் பகுதியில் அட்வான்ஸ்டு என்று இருக்கும், அதில் மொழி வாரியாகக் குறைந்தபட்ச அளவு வைக்கலாம், தமிழுக்கு 18 வைத்தேன். சில தளங்களில் வேலை செய்தது, சிலவற்றில் அசையவே இல்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்த பிறகு புரிந்தது, தமிழில் எழுதியிருக்கும் பல பக்கங்கள் உள்ளே தங்களை ஆங்கிலப் பக்கம் என்று குறித்துவைத்திருக்கின்றன, பிரவுசர் அதை நம்பி ஆங்கிலத்துக்கான அளவை எடுத்துக்கொள்கிறது. அதனால் ஆங்கிலத்துக்கான லத்தீன் என்ற வரிசையிலும் 16 வைத்துவிடுங்கள். ஃபான்ட்டில் லதாவையே வைத்தேன். விஜயா பார்க்க நளினமாக இருக்கும், ஆனால் அதே அளவில் லதாவைவிடச் சிறிதாகவும் மெலிதாகவும் தெரியும், இந்தத் திரைக்குத் தாங்காது.

எங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுரை மாதிரி தொடர்ச்சியான எழுத்து இருந்தால்தான் அந்த ஐகான் வரும். விண்ணப்பப் படிவங்கள், தளங்களின் முகப்புப் பக்கம், இவற்றில் வராது. எழுத்தைப் படமாகப் போட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சித்திரைத் திருவிழாவுக்கு எந்த நாள் என்ன வாகனம், அழகர் எத்தனை மணிக்கு ஆற்றில் இறங்குகிறார் என்று பார்க்க சித்தப்பா ஒரு பக்கத்தைத் திறந்தார், மொத்த அட்டவணையும் ஒரே படம், அதுவும் ஊதா மேல் சிவப்பு எழுத்து. கடைசியில் எனக்கு போன் போட்டார், நான் படித்துச் சொன்னேன். பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி இருக்கிறது, வெள்ளை மேல் வெளிர் சாம்பலில் எழுதும் தளங்கள் அதைத் தொடுவதே இல்லை. மங்கிய திரையில் அந்தச் சாம்பல் எழுத்து இருப்பதே தெரியாது, ஒரு செய்தியின் தேதி ரீடர் வியூவில்தான் எனக்கே கண்ணில் பட்டது.

இதற்கு நேர் எதிர் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய தளம், நம் ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது, ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழந்தமிழ் நூல்கள் வெறும் எழுத்தாக, அலங்காரம் எதுவும் இல்லாமல் இருக்கின்றன. கன்ட்ரோலோடு பிளஸ் நாலு தடவை அழுத்தினால் போதும். சித்தப்பா இப்போது மத்தியானத்தில் அங்கேதான் இருக்கிறார், இத்தனை நாள் அப்படி ஒரு தளம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பழைய மானிட்டரைத் தூக்கிப் போட நினைக்கிறவர்கள் முதலில் ரெசல்யூஷன், ஆட்டோ பட்டன், எஃப்9, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். போன வாரம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டி போயிருந்தேன். விசைப்பலகையில் எஃப்9 மேல் சித்தி சாந்துப் பொட்டு ஒன்று வைத்திருக்கிறார், சித்தப்பா தேட வேண்டாம் என்று. பூதக்கண்ணாடி இப்போது சித்தியிடம், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்க.