ஹிரோஷிமா பத்தி மூணு புத்தகம்: நம்ம பிள்ளைங்க கையில எதை முதல்ல கொடுக்கலாம்?

தம்பி மகன் படிவம் 3 படிக்கிறான். "அத்தை, ஹிரோஷிமா பத்தி எந்த புக் நல்லாருக்கும்"னு கேட்டான்.

எங்க வீட்ல இது லேசான கேள்வி இல்ல. மலாயா ஜப்பான்காரன் கையில இருந்தப்போ, எங்க தாத்தாவை சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்துலேர்ந்து சயாம்-பர்மா ரயில்பாதை போடப் பிடிச்சிட்டுப் போனாங்க, 415 கிலோமீட்டர் தண்டவாளம் 1943 அக்டோபர்ல முடிஞ்சும் அவரை விடல, ஜப்பான்காரன் சரணடைஞ்ச பிறகுதான் எலும்பும் தோலுமா வீடு வந்து சேர்ந்தாரு. "அந்தக் குண்டு விழலன்னா உங்க தாத்தா ஏது"ன்னு பாட்டி கடைசிவரைக்கும் சொல்வாங்க. இப்படி ஒரு வீட்ல உக்காந்துக்கிட்டு, 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்குச் செத்தவங்களுக்காக அழ முடியுமா? என்னை அழ வெச்சது இந்தப் புத்தகங்கதான்.

ஜான் ஹெர்சியோட 'ஹிரோஷிமா' முதல்ல. 1946 ஆகஸ்ட் 31 நியூயார்க்கர் இதழ் முழுக்க இது ஒண்ணுதான் வந்துச்சு. உயிர் தப்பின ஆறு பேர், யார் எங்க நின்னாங்க, மேல என்ன விழுந்துச்சுன்னு அமைதியா சொல்லிக்கிட்டே போறாரு. அதுல நாக்கமுரான்னு ஒரு தையல்காரரோட விதவை வர்றாங்க, புருஷன் ராணுவத்துல சேர்ந்து செத்தது எங்க தெரியுமா, சிங்கப்பூர்ல, அது ஜப்பான் கைக்குப் போன 1942 பிப்ரவரி 15 அன்னிக்கே. அந்த வரியில புத்தகத்தை மூடி வெச்சிட்டேன். நம்ம பக்கம் படையெடுத்து வந்தவனோட பொண்டாட்டி, மூணு பிள்ளைங்களை வெச்சிக்கிட்டு அவன் விட்டுப்போன தையல் மிஷின்லதான் பிழைக்கிறா. குண்டு விழுந்து, பிள்ளைங்களை இடிபாட்டுலேர்ந்து தோண்டி எடுத்ததும் அந்த மிஷினை வீட்டு முன்னாடி இருந்த சிமெண்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கிடுறா, நெருப்புலேர்ந்து அதுவாச்சும் தப்பட்டும்னு. எங்க பாட்டியும் அதே காலத்துல அரிசியை லயத்துக்குப் பின்னாடி மண்ணுல புதைச்சு வெச்சவங்கதான்.

இபுசே மசுஜியோட 'கறுப்பு மழை' நாவல். குண்டு விழுந்து சில வருஷம் கழிச்சு ஒரு பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க, அவ அன்னிக்கு அங்க இருந்தவன்னு ஊர் பேசுது, சம்பந்தம் தட்டிப்போகுது. வரன் பாக்குற நம்ம ஆளுங்களுக்கு இந்த வலி விளக்கவே வேணாம். பெரியவங்களுக்கு ரொம்ப நல்ல புத்தகம், ஆனா நிதானமா நகரும், படிவம் 3 பையன் பாதியில வெச்சிடுவான்.

நான் கொடுத்தது கெய்ஜி நக்கசாவாவோட 'வெறுங்கால் கென்' சித்திரக்கதை. 1973ல தொடங்கினது, மொத்தம் 10 பாகம். அவருக்கு அன்னிக்கு 6 வயசு, பள்ளிக்கூட மதில் மறைச்சதால தப்பிச்சாரு, அப்பா, அக்கா, தம்பி போயிட்டாங்க. படங்க கொடூரமா இருக்கும், சின்னப் பிள்ளைங்களுக்கு வேணாம். ஆனா ஹெர்சிகிட்ட கிடைக்காத ஒண்ணு இதுல இருக்கு, ஜப்பான் மத்தவங்களுக்குச் செஞ்சதையும் ஒரு ஜப்பான்காரரே கோபமா சொல்றாரு. கென்னோட அப்பா சண்டையே கூடாதுன்னு பேசி துரோகின்னு பேர் வாங்குறாரு, பக்கத்து வீட்டுக் கொரியாக்காரர் பாக்கை ஊரே மட்டமா நடத்துறப்போ இவங்க வீடு மட்டும் அவரை மனுஷனா பாக்குது. எங்க தாத்தா மாதிரி ஆளுங்களை மறைக்காத புத்தகம் இது, அதான் எனக்கு இது முதல்ல.

முதல் பாகம் முடிச்சிட்டு வந்து, "நம்ம கொள்ளுத்தாத்தாவும் பாக் மாதிரியா அத்தை"ன்னு கேட்டான். சயாம் கதையை அன்னிக்குத்தான் அவன்கிட்ட முழுசா சொன்னேன். அடுத்து ஹெர்சி கேட்டிருக்கான், தையல் மிஷின் வர்ற பக்கத்துல ஒரு துண்டுத்தாள் வெச்சுக் கொடுத்திருக்கேன்.